வணிகம் கற்கக் கடல் கடந்தோரும் மொழியும்

வணிகவியல் பயிலும் மாணவர் ஒருவர், ஒரு பருவத்திற்கு அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் சென்று பயின்று மீள்வது இன்று இயல்பான நடைமுறையாகிவிட்டது. இதனை மாணவர் பரிமாற்றம் என்கிறோம். வணிகம் கற்க அயல்நாடு செல்லும் வழக்கமோ பல்கலைக்கழகங்களில் வணிகவியல் இடம்பெறுவதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே தோன்றியது. அதன் வரலாற்றை மொழியின் வழியாக இங்கு நோக்குவோம்.

பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தலைசிறந்த வணிக நகரங்களுள் ஒன்றாக வெனிஸ் விளங்கியது. அங்கு ரியால்டோ பாலத்தருகே ஜெர்மானிய வணிகர்கள் தங்கவும் சரக்குகளை வைத்து விற்கவும் ஒரு பெருங்கட்டடம் இருந்தது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கேயுள்ள ஆக்ஸ்பர்க், நூரம்பர்க் முதலிய நகரங்களின் வணிகர்கள் தம் மைந்தரை இளமையிலேயே வெனிசுக்கு அனுப்பினர். அவ்விளைஞர்கள் முதலில் கற்றது இத்தாலிய மொழி. நூரம்பர்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் என்னும் ஆசிரியர் அங்கு மொழிப்பள்ளி நடத்தினார். அவர் கற்பித்தலை ஒட்டி 1424ஆம் ஆண்டில் எழுதப்பட்ட கையேடு இன்றும் கிடைக்கிறது. சொற்பட்டியல்களோடு, துணிக்கு விலை பேசும் உரையாடல்களும் அதில் உள்ளன. வாழ்க்கைச் சூழலை ஒட்டி மொழி கற்பிக்க வேண்டும் என்று நாம் இன்று வலியுறுத்துவதை அக்கையேடு அன்றே செய்து காட்டியது.

அவ்வாறு இத்தாலி சென்றவர்களுள் ஆக்ஸ்பர்க் நகரத்து மத்தேயுஸ் ஷுவார்ட்ஸ் குறிப்பிடத்தக்கவர். அங்கு கணக்கியல் கற்றுத் திரும்பிய அவர், 1516இல் புகழ்பெற்ற ஃபுக்கர் நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். 1518இல், தாம் கற்ற கணக்குமுறையைத் தம் தாய்மொழியாகிய ஜெர்மன் மொழியில் நூலாக எழுதினார். அயல்நாட்டில் பெற்ற அறிவைத் தாய்மொழிக்குக் கொணர்ந்த முயற்சி அது. கணக்கைக் குறிக்கும் 'கோண்டோ', இருப்பைக் குறிக்கும் 'சால்டோ', 'நெட்டோ', 'புருட்டோ' என ஜெர்மன் மொழியில் இன்றும் வழங்கும் இத்தாலியச் சொற்கள் அக்கால வணிகத் தொடர்புக்குச் சான்றாகும்.

நம் வட்டாரத்திலும் இதையொத்த பயிற்சிமுறை இருந்தது. செட்டிநாட்டிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் இளைஞர்கள் கிட்டங்கிகளில் தங்கித் தொழில் கற்றனர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, மேலாளாகி, தனித்தொழில் நடத்தும் நிலைக்கு உயர்ந்தார். சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட் அத்தகைய கல்விக்கூடமாக விளங்கியது. பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை எனக் கணக்கு முழுவதும் தமிழில் நடந்தது. கடன் பெற வந்தவரோடு பேச மலாய் வேண்டியிருந்தது. ஏட்டுக்குத் தமிழும் பேச்சுக்கு மலாயுமாக இரண்டையும் அவர்கள் ஆண்டனர். இவ்விரு மொழிகளின் வணிக உறவு அவர்களுக்கும் முந்தியது. 'முதல்' என்னும் நம் சொல் மலாயில் 'மோடால்' என்றும், 'கடை' என்னும் சொல் 'கெடாய்' என்றும் வழங்குகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகக் கல்வி உயர்கல்விக் கூடங்களுக்குள் புகுந்தது. 1868இல் வெனிஸ் நகரிலேயே உயர் வணிகப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. இன்றைய கா ஃபோஸ்கரி பல்கலைக்கழகம் அதுவே. தொடக்கம் முதலே அங்கு அயல்மொழிகளும் பயிற்றப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில், அயல்நாட்டில் பயின்றதை உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்னும் வினா எழுந்தது. அமெரிக்காவில் பெற்ற சட்டப் பட்டம் தாயகத்தில் ஏற்கப்படாத நிலையைச் சந்தித்த இத்தாலியப் பெண்மணி சோஃபியா கொராடி, மாணவர் பரிமாற்றத்திற்காக நெடுங்காலம் வாதாடினார். 1987இல் எராஸ்மஸ் திட்டம் பிறந்தது. முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் அதில் பங்கேற்றனர். 1989இல் பாட மதிப்பலகுகளை ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் முறை ஐந்து துறைகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அவற்றுள் ஒன்று வணிக நிர்வாகம்.

அயலில் பயின்ற பாடத்தை அளக்க அளவுகோல் கிடைத்தது. ஆனால் அவ்வளவுகோல் மொழியை அளக்கவில்லை. இன்று ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரிமாற்ற மாணவர்களுக்கான வணிகப் பாடங்கள் பல ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. அதனால் கதவுகள் பல திறந்தன என்பதை மறுக்க இயலாது. எனினும், இத்தாலிய மொழி அறியாமலே வெனிசில் ஒரு பருவம் பயின்று, மதிப்பலகுகளுடன் மீள இன்று ஒருவரால் இயலும். சந்தையில் விலை பேசியும் வணிகரோடு பழகியும் பெறும் அறிவு அவருக்கு எங்ஙனம் வாய்க்கும்?

ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது எளியது. ஜகார்த்தாவுக்கோ பேங்காக்கிற்கோ சியோலுக்கோ செல்லவிருக்கும் மாணவரிடம், அந்நாட்டு வணிகச் சொற்கள் நூற்றையேனும் தமிழ் இணையுடன் தொகுத்து வரப் பணியுங்கள். மாணவர்களே, அங்குள்ள கடைத்தெருவில் அம்மொழியில் பேசிப் பாருங்கள். கற்றதைத் திரும்பி வந்து தமிழில் எழுதுங்கள். ஐந்தொகை என்னும் சொல்லை ஆண்ட மொழிக்கு இன்றைய வணிகத்தை எழுதும் ஆற்றல் உண்டு. எழுதுவோர் வேண்டும்.