புதுக்கோட்டையின் சபைகளும் தொகுதியும்

1902-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு ஒரு பிரதிநிதித்துவ சபை வந்தது. அப்போது சமஸ்தானத்தின் பரப்பு ஏறத்தாழ 1,100 சதுர மைல், ஜனத்தொகை சுமார் 3.8 லட்சம். முன்மாதிரி மைசூர். திவான் ரங்காச்சார்லு 1881-லேயே அங்கே இப்படியொரு சபையைத் தொடங்கியிருந்தார். குடிமக்களின் குறைகளை அரசின் காதில் போடலாம். கேட்பதும் தள்ளுவதும் அரசின் விருப்பம். அதுதான் அந்தச் சபைகளின் எல்லை.

அடுத்த படி ஏறியபோது மன்னர் ஊரிலேயே இல்லை. மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்கை மணந்தார். அந்தத் திருமணத்தை ஆங்கிலேய அரசு ஏற்கவில்லை. கடைசியில் அவர் ஆட்சிப் பொறுப்பை விட்டு வெளிநாட்டில் வாழப் போனார். ரீஜன்ட் ஆட்சி நடந்த 1924-ல் சட்டசபை கூடியது. உறுப்பினர்கள் 50 பேர். அவர்களில் 35 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 15 பேர் நியமனம். பட்ஜெட்டை விவாதிக்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம், வரம்புக்குட்பட்டுச் சட்டமும் இயற்றலாம். ஆட்சியை மாற்ற மட்டும் முடியாது.

அரசியல் அறிஞர் ராபர்ட் டால் 1971-ல் ஜனநாயகத்தை அளக்க இரண்டு கேள்விகளை முன்வைத்தார். ஆள்பவரை எதிர்த்துப் போட்டியிட இடமிருக்கிறதா? அதில் எத்தனை பேருக்குப் பங்கு? புதுக்கோட்டைச் சபை முதல் கேள்வியிலேயே தடுக்கி விழுகிறது. 50-ல் 35 பேர் தேர்தலில் வென்று வந்தாலும், அவர்கள் கையில் அதிகாரம் இல்லை. அடுத்த மன்னர் ராஜகோபால தொண்டைமான் சிறுவராக இருந்ததால், 1934 முதல் பல ஆண்டுகள் சமஸ்தானத்தை நடத்தியவர் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரி.

இந்த மண்ணில் பிறந்த பெரிய சட்டமன்றவாதிகள் இருவரும் பெயர் வாங்கியது வெளியில்தான். மகாராஜா கல்லூரியில் படித்த முத்துலட்சுமி ரெட்டி, சென்னை சட்டசபையின் துணைத் தலைவராகி, தேவதாசி முறைக்கு எதிராக அங்கே குரல் கொடுத்தார். 1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை உதறினார். திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி 1934 தேர்தலில் வென்று டெல்லி மத்திய சட்டசபைக்குப் போனார். சென்னையிலும் டெல்லியிலும்கூட முழு அதிகாரம் கிடையாது. ஆனால் அங்கே பேசிய பேச்சு நாடெங்கும் எட்டியது.

1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் அடங்கியது. சொந்தச் சபையும் அதோடு முடிந்தது. பதிலுக்கு வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது. டாலின் இரண்டு கேள்விகளுக்கும் புதுக்கோட்டையால் அப்போதுதான் ஆம் என்று சொல்ல முடிந்தது. 1952-ல் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியின் முதல் உறுப்பினரானவர் காங்கிரஸ்காரர் அல்ல, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் வல்லத்தரசு. 1957-ல் காங்கிரஸ், 1962-ல் கம்யூனிஸ்ட் உமாநாத், 1971-ல் திமுக, 1977-ல் அதிமுக என்று தொகுதி கை மாறிக்கொண்டே இருந்தது.

1974-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. 2008 தொகுதி மறுசீரமைப்பிலோ அந்த மக்களவைத் தொகுதி அடியோடு மறைந்தது. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, விராலிமலை கரூருக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு என மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் நான்கு பக்கம் சிதறின.

2009 தேர்தலில் ஊர்மக்கள் கோபத்தை 49-ஓ என்ற தேர்தல் விதியின் வழியாகக் காட்டினார்கள். யாருக்கும் ஓட்டில்லை என்பவர், பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகு அதைச் சாவடித் தலைமை அலுவலரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அலுவலர் வாக்காளர் பெயருக்கு எதிரே குறிப்பு எழுதி, அங்கேயும் ஒரு கையெழுத்தோ கைரேகையோ வாங்கினார். கட்சி முகவர்கள் கண்முன்னே இத்தனையும் நடந்தது. 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நோட்டா பொத்தான் வந்த பிறகுதான் இதற்கும் ரகசியம் கிடைத்தது.

தனி மாவட்டமாகி அரை நூற்றாண்டு ஆகியும், புதுக்கோட்டையால் இன்று தன் பெயரில் ஒரு எம்.பி.யை டெல்லிக்கு அனுப்ப முடியவில்லை. அடுத்த மறுசீரமைப்பில் தமிழகத்துக்கு எத்தனை இடம் என்ற வாதத்தோடு, மாவட்டங்களைக் கூறுபோடாமல் எல்லை வகுக்கச் சொல்லும் கோரிக்கையையும் கட்சிகள் சேர்த்தே எழுப்ப வேண்டும்.