மௌனத்திற்கு ஒரு காலாண்டிதழ்

1896-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னையிலிருந்து 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கில மாத இதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியர் வத்தலக்குண்டைச் சேர்ந்த 24 வயது இளைஞர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி. ஆர். ராஜமையர்தான் அவர் என்றால் இலக்கிய அன்பர்களுக்கு வேறு அறிமுகம் வேண்டியதில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 29 அன்று மதுரையில் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துவந்த மற்றொரு பையன், தண்டனைப் பாடமாகப் பெயினின் ஆங்கில இலக்கணத்தை மூன்று முறை எழுதப் பணிக்கப்பட்டு, இரண்டு முறை எழுதியபின் தாளைத் தள்ளிவைத்தான். அண்ணனுடைய கல்லூரிக் கட்டணத்துக்கென்று பெற்ற ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டவன், செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். பின்னாளில் உலகம் அவனை ரமண மகரிஷி என்று அறிந்தது.

ஒருவர் ஆன்ம ஞானத்தைப் பத்திரிகையின் வழியே போதிக்க முற்பட்டார். மற்றவர் பேசுவதையே ஏறத்தாழ விட்டுவிட்டார். இருவரும் அன்றைய மதுரைச் சீமையின் பிள்ளைகள். இவ்விரு வழிகளும் 68 ஆண்டுகள் கழித்துத் திருவண்ணாமலையிலேயே ஒன்றையொன்று சந்தித்தன. அச்சந்திப்பைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

அதற்குமுன் ஒரு செய்தியை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பத்திரிகையாளரும் பள்ளி ஆசிரியரும் நெடுங்காலம் ஒரே ஆளாகவே இருந்திருக்கிறார்கள். 1878-இல் 'தி இந்து' இதழைத் தொடங்கிய திருவல்லிக்கேணி இளைஞர் அறுவரில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் கற்பிக்கும் தொழிலில் இருந்தவர்கள். மற்ற நால்வர் சட்டம் பயின்ற மாணவர்கள். சுப்பிரமணிய ஐயர் 1882-இல் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்களே தமிழாசிரியராக இருந்த பாரதியை அவ்விதழ்தான் சென்னைக்கு அழைத்துக்கொண்டது. விவேகானந்தரின் சென்னைச் சீடர்களில் முதன்மையானவரும், 1895-இல் 'பிரம்மவாதின்' இதழைத் தொடங்கியவருமான அளசிங்கப் பெருமாள் பள்ளி ஆசிரியர்தான். வகுப்பறையின் சுவர்களுக்குள் கொள்ளாத பாடத்தை இவர்கள் அச்சில் நடத்தினார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ராஜமையர் அந்த வகுப்பை இரண்டாண்டுகள்கூட நடத்தவில்லை. 1898 மே மாதம், 26 வயதில் காலமானார். 'பிரபுத்த பாரத'வின் பக்கங்களில் பெரும்பகுதியை அவரே பல புனைபெயர்களில் எழுதி நிரப்பியிருந்தார். கட்டுரை தருவோர் போதாத இதழில் ஆசிரியரே பலராக வேண்டியிருக்கிறது. சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. இந்தப் புனைபெயர் விவகாரத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது மீண்டும் வரும்.

இனி திருவண்ணாமலைக்கு வருவோம். ரமணரின் போதனை மௌனமே என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. ஆனால் அந்த மௌனத்தைச் சுற்றித் தொடக்கம் முதலே எழுத்து இருந்துகொண்டிருந்தது. 1901-02 காலத்தில் வருவாய்த்துறை அலுவலரான சிவப்பிரகாசம் பிள்ளை கேள்விகளோடு வந்தபோது, ரமணர் வாய்திறந்து விடையளிக்கவில்லை. மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டினார். மணலில் எழுதியது அடுத்த கேள்விக்கு அழிந்துவிடும். அவ்விடைகளைப் பிள்ளை பாதுகாத்து 1923-இல் வெளியிட்டதே 'நான் யார்?' என்னும் சிறு நூல். அதே 1923-இல் தமிழாசிரியரான முருகனார் வந்து சேர்ந்தார். அவருடைய வேண்டுகோளின் பேரிலேயே 'உபதேச உந்தியார்', 'உள்ளது நாற்பது' ஆகியவை எழுந்தன. ரமண இலக்கியத்தின் முதுகெலும்பு தமிழ்ச் செய்யுள் என்பதையும், அதை எழுப்பியதில் ஒரு பள்ளி ஆசிரியரின் விடாப்பிடிக்குப் பங்குண்டு என்பதையும் நாம் மறக்கலாகாது.

வெளியுலகுக்கோ அவர் பத்திரிகைகளின் வழியாகத்தான் தெரியவந்தார். 1911-இல் வேலூரில் காவல்துறைப் பணிக்கு வந்திருந்த எஃப். எச். ஹம்ஃப்ரீஸ் என்ற இளைஞர், தமக்குத் தெலுங்கு கற்பித்த முன்ஷியின் மூலம் ரமணரைப் பற்றி அறிந்து மலைக்கு வந்தார். அவர் தம் தோழி ஒருவருக்கு எழுதிய கடிதங்கள் லண்டனில் 'இன்டர்நேஷனல் சைக்கிக் கெஸட்' என்னும் இதழில் அச்சாயின. மேனாட்டவர் ரமணரைப் பற்றிப் படித்த முதல் எழுத்துகள் அவையே எனலாம். அடுத்து வந்த பால் பிரண்டன் பத்திரிகைத் தொழிலிலேயே ஊறியவர். 1934-இல் வெளியான அவருடைய நூல் உலகெங்குமிருந்து ஆட்களைத் திருவண்ணாமலைக்கு இழுத்து வந்தது. அதே பிரண்டனுக்கும் ஆசிரம நிருவாகத்துக்கும் பின்னாளில் குறிப்பெடுப்பது தொடர்பாகக் கசப்பு நேர்ந்தது. ஆசிரியர் சொல்வதைக் கேட்பவனுக்கும், எழுதிக்கொண்டு போய் வெளியிடுபவனுக்கும் உள்ள வேறுபாடு அப்போதே உறுத்தியிருக்கிறது.

ரமணர் பத்திரிகைகளை ஒதுக்கியவர் என்று எண்ணினால் அது தவறு. நாளிதழ்களை நாள்தோறும் பார்ப்பார். ஆசிரம வெளியீடுகளின் அச்சுப்படிகளைத் தாமே திருத்துவார். வரும் கடிதங்களுக்கு அலுவலகத்தார் எழுதும் பதில்கள் அவர் பார்வைக்கு வந்தே தபாலில் சேரும். நமக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்றுண்டு. கேரளத்தின் கன்னங்காட்டில் சுவாமி ராமதாசரின் ஆனந்தாசிரமம் நடத்திய 'விஷன்' இதழில், நாமத்தின் மகிமை பற்றி நாமதேவர் கூறியவை ஆங்கிலத்தில் வெளியாயின. 1938 தொடக்கத்தில் அதை ரமணர் கூடத்தில் வாசித்துக் காட்டினார். அத்துடன் விட்டுவிடவில்லை. 1940-களிலும் நாம ஜபம் பற்றி எவராவது கேட்டால் அந்தக் கட்டுரையை எடுத்துப் படிக்கச் செய்தார். 'நான் யார்?' என்னும் விசாரத்தைப் போதித்தவர், பக்தி வழியில் நின்ற ஒருவருக்கு, பிறிதோர் ஆசிரமத்தின் மாத இதழைப் பாடப்புத்தகமாகப் பயன்படுத்தியிருக்கிறார்! ஓர் இதழைக் கொண்டு கற்பிப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குக் கிட்டவில்லை. கேட்பவன் யார் என்று பார்த்து, அவனுக்குரிய தாளை எடுத்துக் கொடுத்தல், அவ்வளவே.

1950 ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தார். கேட்பவன் யார் என்று பார்ப்பதற்கு இனி ஆள் இல்லை.

இந்த இடத்தில்தான் ஆர்தர் ஆஸ்பர்ன் வருகிறார். 1906-இல் லண்டனில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர். போலந்தில் ஆசிரியப் பணி பார்த்து, லூசியா என்னும் போலந்துப் பெண்மணியை மணந்தவர். பின்னர் பாங்காக்கின் சுலலாங்கார்ன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். 1941-இல் மனைவியும் குழந்தைகளும் திருவண்ணாமலைக்கு வந்து தங்க, அவர் மட்டும் ஊரைப் பாராமலேயே பாங்காக் திரும்பினார். போர் மூண்டது. ஜப்பானியர் அவரை மூன்றரை ஆண்டுகள் முகாமில் அடைத்து வைத்தனர். 1945-இல்தான் ரமணர் முன் வந்து அமர்ந்தார். பின்னர் சென்னையில் நாளிதழ் ஒன்றில் உதவியாசிரியர், கல்கத்தாவில் பள்ளித் தலைமையாசிரியர் என்று பிழைப்புக்காக அலைந்து, 1958-இல் திருவண்ணாமலைக்கே மீண்டார். வகுப்பறை, செய்தி அறை இரண்டின் பழக்கமும் கையில் இருந்தது. 1964 ஜனவரியில் 'தி மவுண்டன் பாத்', அதாவது 'மலைப்பாதை', என்னும் ஆங்கிலக் காலாண்டிதழ் அவரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. ரமணரின் தம்பி மகனும் ஆசிரமத் தலைவருமான டி. என். வெங்கடராமன் நிருவாகப் பொறுப்பை ஏற்றார்.

இதழின் நோக்கத்தை ஆஸ்பர்ன் தெளிவாகவே வரையறுத்திருந்தார். எல்லாச் சமயங்களின், எல்லாக் காலங்களின் மரபு ஞானத்தை எடுத்துரைப்பது. இன்றைய உலக வாழ்க்கையில் தேடுவோருக்கு எவ்வழிகள் திறந்திருக்கின்றன என்று விளக்குவது. ஆகவே அத்வைதக் கட்டுரைக்கு அருகிலேயே சூஃபிகளும் ஜென் துறவிகளும் கிறித்தவ ஞானியரும் இடம்பெற்றனர். நாமதேவரைக் கூடத்தில் வாசித்துக் காட்டிய அந்தப் பழைய வழக்கமே அச்சில் விரிந்தது என்று நாம் கொள்கிறோம்.

கட்டுரையாளர் பஞ்சமும் உடன் வந்தது. ஆஸ்பர்ன் பல புனைபெயர்களில் தாமே எழுதினார். ராஜமையர் செய்ததே இங்கும் நிகழ்ந்தது. இருவரையும் இணைத்து எவரும் பேசி நாம் கேட்டதில்லை. ஆனால் ஒன்று தோன்றுகிறது. வகுப்பறையில் ஆசிரியர் ஒரு குரலில் பேசினால் மாணவன் அயர்ந்துவிடுகிறான். பல பெயர்களில், பல கோணங்களில் எழுதும்போது அவ்விதழாசிரியர் தம்மையே தாம் மறுத்துரைக்கவும் இடம் உண்டாகிறது. பஞ்சத்தில் பிறந்த உபாயம் பாடமுறையாகவும் ஆயிற்று.

ஆயினும் நம்மை அவ்விதழில் ஈர்ப்பது கட்டுரைகளைக் காட்டிலும் வாசகர் கடிதங்களே. பொதுவாக நம் இதழ்களின் கடிதப் பகுதி பாராட்டுமடலாகவோ வசைமடலாகவோ முடிந்துவிடும். இங்கே சாதகர்கள் ஐயம் கேட்கிறார்கள். குருவின் உடல் மறைந்தபின் வழிகாட்டுதல் கிடைக்குமா, இல்லறத்திலிருந்து விசாரம் செய்யலாமா என்ற வகைக் கேள்விகள். ஆஸ்பர்ன் தம்மை குரு என்று சொல்லிக்கொள்ளாமல், ஓர் அனுபவமுள்ள ஆசிரியரின் அளவான தொனியில் விடை தருகிறார். கேள்வி ஒரு கண்டத்திலிருந்து கப்பலேறி வந்து, விடை மூன்று மாதம் கழித்து அச்சில் திரும்பும். இந்தத் தாமதத்தை நாம் குறையாகக் கருதவில்லை. கேட்டவர் அதற்குள் தம் கேள்வியையே மாற்றிக்கொண்டிருக்கக்கூடும். அதுவும் கல்விதானே?

குறை வேறிடத்தில் இருக்கிறது. ரமணர் கூடத்தில் ஒரே கேள்விக்கு இருவருக்கு இருவேறு விடைகள் கிடைத்ததுண்டு. ஒருவரை விசாரத்தில் நிற்கச் சொன்னவர், இன்னொருவரிடம் ஏற்கெனவே செய்துவரும் ஜபத்தையே தொடரச் சொல்லியிருக்கிறார். அச்சிட்ட விடையோ எல்லார்க்கும் ஒன்றே. ஒருவருக்கு மருந்தானதை ஆயிரம் பேர் உட்கொள்கிறார்கள். பத்திரிகையைக் கற்பிக்கும் கருவியாகக் கொள்ளும் எவரும் இந்தச் சிக்கலிலிருந்து தப்ப முடியாது. கேள்வியையும் சேர்த்து அச்சிடுவதனால் ஆஸ்பர்ன் அதை ஓரளவு தணித்தார். தீர்த்துவிட்டார் என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழில் வெண்பா எழுதிய ஒருவரின் போதனைக்கு, தமிழ் பேசும் கோயில் நகரத்திலிருந்து எழுந்த புகழ்பெற்ற இதழ் ஆங்கிலத்தில் அமைந்தது. தேரடி வீதிக் கடைக்காரரும் கிரிவலம் வரும் உழவரும் அதன் வாசகர் அல்லர். உலகம் முழுவதும் போய்ச்சேர வேண்டுமென்றால் ஆங்கிலம் வேண்டும் என்ற நியாயம் நமக்குப் புரியாமல் இல்லை. ராஜமையரே தமிழில் 'விவேக சிந்தாமணி'யில் தொடர்கதை எழுதிவிட்டு, வேதாந்தத்துக்கு ஆங்கிலத்தைத்தானே நாடினார்! இருந்தாலும், முருகனார் தொகுத்த 'குருவாசகக் கோவை'யின் செய்யுட்களைத் தமிழரிற் பலர் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே அறிந்தனர் என்பதை எண்ணும்போது மனம் சற்றுக் கூசத்தான் செய்கிறது. அம்மொழிபெயர்ப்பைச் செய்த பேராசிரியர் கே. சுவாமிநாதனும் நம் பட்டியலில் சேரத் தக்கவரே. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். இந்தியன் எக்ஸ்பிரஸ் குழுமத்தின் ஞாயிறு இதழில் பணியாற்றியவர். 1960 முதல் காந்தி நூல் தொகுப்பின் தலைமைப் பதிப்பாசிரியர். மறுபடியும் வகுப்பறை, மறுபடியும் செய்தி அறை.

1970 மே 8 அன்று ஆஸ்பர்ன் காலமானார். ஓராளின் உழைப்பில் நின்ற இதழ்கள் அவ்வாளோடு முடிந்துவிடுவதே நாம் கண்டுள்ள வழக்கம். இதை லூசியா ஏற்று நடத்தினார். அவருக்கு ஆங்கிலமும் தாய்மொழி அன்று, தமிழும் அன்று. பிறகு விசுவநாத சுவாமி, வி. கணேசன் முதலியோர் கைக்கு மாறி இதழ் தொடர்ந்தது. பழைய இதழ்களை ஆசிரமம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. படிக்கப் புகும் நண்பர்கள் முதல் ஆண்டின் இதழ்களை எடுத்து, கட்டுரைகளைத் தாண்டி, நேரே கடைசிப் பக்கங்களில் உள்ள கடிதங்களிலிருந்து தொடங்கலாம்.