கூர்தீட்டிய கரண்டியும் புழுங்கலரிசியும்

பண்டைப் போர்க்களங்களில் நிகழ்ந்த மருத்துவத்தை, அக்கால உடையணிந்து, அக்காலக் கருவிகளைக் கையிலேந்தி மக்கள்முன் நடித்துக் காட்டும் வழக்கம் மேலைநாடுகளில் வேரூன்றியுள்ளது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் அறுவை மருத்துவராக வேடமிட்டவர், காலைத் துண்டிக்கும் முறையைக் கூடாரத்தின்கீழ் நின்று விளக்குவார். காண்போர் முகஞ்சுளித்தவாறே கற்றுக்கொள்வர். மலேசியத் தமிழர்க்கு மிக அணுக்கமான காட்சி ஒன்று தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் அமைந்தது. 1977ஆம் ஆண்டில் ஒரு பௌத்த ஆலய வளாகத்தில், சயாம் மரண இரயில்பாதையில் உழன்ற போர்க்கைதிகளின் மூங்கிற் கொட்டகையைப் போன்றதொரு கொட்டகை எழுப்பப்பெற்று, அரும்பொருளகமாக்கப்பட்டது. அதற்கு இடப்பட்ட 'ஜீத்' என்னும் பெயர் ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆனது. மலாயாவுக்கோ, இந்தியாவுக்கோ, பர்மாவுக்கோ அப்பெயரில் ஓரெழுத்தும் ஒதுக்கப்படவில்லை.

பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கிய பணி 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் ஈடுபடுத்தப்பட்ட நேசநாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவருள் மாண்டோர் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சம் அளவினர். அவருள் மடிந்தோர் ஏறத்தாழ 90,000 என்பர். கணக்குகள் வேறுபடினும், கைதிகளின் இழப்பைவிட இவர்களின் இழப்பு பன்மடங்கு என்பதில் ஐயமில்லை. மலாயாவிலிருந்து சென்றோர் 75,000 அளவினர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டப் பாட்டாளிகள்.

கைதிகளிடையே இருந்த மருத்துவர்கள் ஆற்றிய பணி வியக்கத்தக்கது. அதைக் குறைத்துரைப்பது அறமாகாது. மூங்கில் முள் கீறிய சிறு காயமும் சின்னாட்களில் எலும்பு தெரியும் ஆறாப்புண்ணாக விரிந்தது. மயக்கமருந்தின்றி, கூர்தீட்டிய கரண்டியால் அழுகிய சதையைச் சுரண்டியெடுத்தனர். அதற்கும் அடங்காத கால்களைத் துண்டித்தனர். சுங்காய் முகாமில் கனடியரான ஜேக்கப் மார்க்கோவிட்ஸ் மட்டுமே நூற்றுக்கு மேற்பட்ட கால்களை அகற்றினார். குருதி உறையாதிருக்கச் செய்யும் மருந்து கிடையாது. ஆகவே கொடையாளியின் குருதியைக் கலக்கிக் கலக்கி, திரளும் நாரை நீக்கி, துணியில் வடிகட்டி நோயாளிக்கு ஏற்றினர். 1943இல் வாந்திபேதி பரவியபோது, ஆற்றுநீரைக் காய்ச்சி வடித்து, உப்பைக் கரைத்து, மூங்கிற் குழலை ஊசியாக்கி, மருத்துவரின் நாடிக்குழாயை இணைப்பாக்கி நரம்பில் செலுத்தினர். ஆஸ்திரேலியரான எட்வர்ட் டன்லப், ஆல்பர்ட் கோட்ஸ் முதலியோரின் பெயர்கள் இவ்வாறு நிலைபெற்றன. நடித்துக் காட்டுவதற்கு உகந்தவை இக்காட்சிகள்.

ஆயினும், அதே ஆற்றங்கரையில் சற்றுத் தொலைவிலிருந்த தமிழர் கொட்டகையை எவ்வாறு நடித்துக் காட்டுவது? அங்கு மருத்துவர் பெரும்பாலும் இல்லை. கரண்டியைப் பிடிக்கவும் ஆளில்லை. கைதிகளிடம் படையொழுங்கு இருந்தது. நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டுமென ஆணையிட அதிகாரி இருந்தார். நாளுக்கொரு வெள்ளி கூலி, சில மாத வேலை என்னும் ஆசைமொழிக்கு இணங்கியோ, பின்னர் வலிந்து பிடிக்கப்பட்டோ, கங்காணியை நம்பி வந்தவர்களிடம் அத்தகைய கட்டமைப்பு ஏதுமில்லை. சிலர் மனைவி மக்களுடன் வந்திருந்தனர். வாந்திபேதி அக்கொட்டகைகளை முற்றாகவே வெறுமையாக்கியதுண்டு.

'காடு கொன்றது' எனக் கூறி இதைக் கடந்துபோதல் எளிது. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. அத்தொழிலாளரைக் காத்திருக்கக்கூடிய அறிவு, அவர்கள் இரயிலேறிய கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே நாற்பதாண்டுகட்கு முன் பிறந்திருந்தது. 1901இல் கிள்ளானிலும் அருகிருந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியாக் காய்ச்சல் கோரத்தாண்டவம் ஆடியது. அங்கு மருத்துவராயிருந்த மால்கம் வாட்சனின் முயற்சியால் சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டப்பட்டது; நகரையொட்டிய புதர்க்காடு அழிக்கப்பட்டது; அடுத்த ஆண்டே நோய் வெகுவாகத் தணிந்தது. கொயினாவுக்கும் பஞ்சமில்லை: உலகின் கொயினாவில் பெரும்பகுதியை விளைவித்த ஜாவா, 1942 முதல் ஜப்பானியர் கையிலேயே இருந்தது.

இன்னொன்று இதனினும் நம் உள்ளத்தைத் தைப்பது. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் ஓர் ஆய்வு நடத்தினார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சயாம் பச்சரிசியும் மற்றவர்க்கு இந்தியப் புழுங்கலரிசியும் அளித்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 36 பேரைப் பெரிபெரி நோய் பற்றியது. 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோரில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. புழுங்கல் உண்ணும் தமிழ்த் தொழிலாளரிடையே பெரிபெரி அரிதென்பது அதற்கு முன்னரே கவனிக்கப்பட்டிருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே அதன் காரணம். பாட்டியர் அறிவியல் படித்து நெல் அவிக்கவில்லை. எனினும் அப்பழக்கமே அவர்தம் மக்களைக் காத்தது. இரயில்பாதையில் அவர்களுக்குக் கிடைத்தது தீட்டிய வெள்ளையரிசி, அதுவும் பெரும்பாலும் கெட்டுப்போனது. கால் வீங்கி, இதயம் தளர்ந்து, அவர்கள் தம் முன்னோர் அறிந்திராத நோயால் மாண்டனர்.

இறப்பு மிகுந்து வேலை தடைப்பட்ட பின்னரே ஜப்பானியர் விழித்தனர். 1943 ஜூனிலும் ஆகஸ்டிலும் சிங்கப்பூர்ச் சாங்கியிலிருந்து கைதிகளான மருத்துவர்களும் உதவியாளர்களும் 'கே', 'எல்' என்னும் இரு படைப்பிரிவுகளாகத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். இரண்டிலும் சேர்த்து முந்நூற்றுக்குச் சற்று மேற்பட்டோரே. அவர்களும் மருந்தின்றிச் சிறுசிறு குழுக்களாகச் சிதறடிக்கப்பட்டனர். அவர்கள் வருமுன்னரே வாந்திபேதி பல முகாம்களில் தன் வேலையை முடித்திருந்தது.

கைதி மருத்துவர்களிடம் இருந்த ஒரு கருவியைக் காட்சி நடத்துவோர் பெரிதும் கவனிப்பதில்லை, அது பென்சில். இறந்தவரின் பெயர், நோய், நாள், புதைத்த இடம் ஆகியவற்றை அவர்கள் கிடைத்த தாளில் குறித்து, காவலர் கண்ணிற்படாமல் மூங்கிலுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைத்தனர். போர் முடிந்ததும் அக்குறிப்புகளைக் கொண்டே கல்லறைகள் தேடிக் கண்டெடுக்கப்பட்டன. காஞ்சனாபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இன்று 6,900க்கும் மேற்பட்டோர் அடக்கமாகியுள்ளனர். மிகப் பலரின் கல்லில் பெயருண்டு. பிரிக்பீல்ட்ஸ் இரயில் குடியிருப்புகளைக் கடந்து வடக்கே சென்ற சரக்குவண்டிகளில் இருந்தோர்க்கு அத்தகைய பெயரேடு எழுதப்படவில்லை. 1945க்குப் பின் தோட்டத்துக்குத் திரும்பிவந்தவர், வராதவர் பெயரை வாய்மொழியாகச் சொன்னதே அவர்களின் பதிவேடு.