சூடானா மக்கர் பண்ணும் மலை லாரி

கொடைக்கானல்னா நமக்கு ஏரி, பேரிக்காய், சினிமா பாட்டு. அந்த மலைக்கு அரிசியும் சிமெண்டும் சுமந்துட்டுப் போற பழைய டீசல் லாரியைப் பத்தி யாரும் எழுதுறதில்லை. நாம எழுதுவோம் :-)

இந்த லாரிகளுக்குன்னு ஒரு வியாதி உண்டு. காலைக் குளிர்ல சமர்த்தா கிளம்பிடும். மலையேறி, பெருமாள்மலையில டீக்கு நிறுத்தி, அரைமணி கழிச்சு சாவியைத் திருப்பினா செல்ஃப் மட்டும் சுத்தும், இன்ஜின் பிடிக்காது. சூடா இருக்கிற இன்ஜின் சுலபமாத்தானே கிளம்பணும்? விடை ஒரு பம்ப்போட வரலாற்றில் இருக்கு.

1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடையில் முதல் வீடுகளைக் கட்டினப்போ நடையும் டோலியும்தான். 1910-களில்தான் லாஸ் காட் ரோடு மோட்டாருக்குத் திறந்தது. வத்தலகுண்டிலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டரில் சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏறணும். ஆனா டீசல் லாரி அப்போ கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897-லேயே இன்ஜினை ஓட்டிக் காட்டிட்டார்தான். எரிபொருளை உள்ளே தள்ள தனியா ஒரு காற்றழுத்தி வேணும்கிறதால அது லாரிக்குள் அடங்கலை. 1927-ல் ராபர்ட் பாஷ் கம்பெனி சின்ன இன்ஜெக்‌ஷன் பம்ப்பைத் தொழிற்சாலையில் செய்ய ஆரம்பிச்ச பிறகுதான் டீசல் ரோட்டில் பரவலாச்சு. நம்மூருக்கு 1951-ல் பெங்களூர் மைக்கோ, 1954-ல் டாடா-பென்ஸ், 1955-ல் எண்ணூர் அசோக் லேலண்ட்னு வரிசையா வந்து சேர்ந்தது.

அந்த பம்ப்புக்குள்ள பிளஞ்சர், பேரல்னு ரெண்டு சமாச்சாரம். நடுவுல ரப்பர் சீல் கிடையாது. ரெண்டு மூணு மைக்ரான் இடைவெளிதான் சீல். தலைமுடியே சுமார் 70 மைக்ரான்! தூசி, தண்ணி, மண்ணெண்ணெய் கலப்படம் எல்லாம் சேர்ந்து அதைத் தேய்ச்சிடும். தேய்ஞ்ச இடைவெளியில் குளிர்ந்த டீசல் கெட்டியா நிக்கும், சூடான டீசல் நழுவிடும். வண்டி ஓடும்போது பிளஞ்சர் படபடன்னு அடிக்கிறதால நழுவ நேரமில்லை. செல்ஃப் மெதுவா சுத்தும்போது நேரம் ஏராளம். ஆக, ஓட்டத்துல ராஜா, ஸ்டார்ட்டிங்ல கூஜா.

இன்ஜினை அணைச்சதும் ஃபேனும் தண்ணி ஓட்டமும் நின்னுடுதா, பிளாக்கோட சூடு மெல்ல பம்ப்புக்கு ஏறும். அதான் டீ குடிக்கிற நேரம் எமனாகுது. மேலே தண்ணி 93 டிகிரி வாக்கிலேயே கொதிக்கும்கிறதால வண்டியை நிறுத்தி ஆறவிடும் அவசியமும் அதிகம்.

கண்டுபிடிக்கிறது எப்படி? நம்ம டீபக்கிங் மாதிரிதான், வரிசையா கழிச்சுக்கட்டணும். சூட்டில் செல்ஃப் மந்தமா சுத்தினா பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார் பக்கம் போங்க. நல்லா சுத்தியும் சைலன்சர்ல புகையே வரலைன்னா டீசல் போய்ச் சேரலை. கைப்பம்ப்பை அடிச்சு ஸ்க்ரூவைத் தளர்த்தினா குமிழி வருதா? எங்கேயோ காத்து இழுக்குது. அதுவும் இல்லைன்னா பழைய மெக்கானிக்குகளோட வைத்தியம்: இன்ஜின் நின்னிருக்கும்போது பம்ப் மேல ஈரச்சாக்கைப் போட்டுப் பத்து நிமிஷம் காத்திருங்க. அப்புறம் கிளம்பிட்டா குற்றவாளி பம்ப்தான். (ஓடுற இன்ஜின்ல பச்சைத்தண்ணி ஊத்தாதீங்க, பம்ப் இறுகிடலாம்.)

நிறைய பேர் இதுக்கு மெனக்கெடாம, இறக்கத்துல நிறுத்தி கல்லு முட்டுக் கொடுத்துட்டு, உருட்டி ஸ்டார்ட் பண்ணுவாங்க. எனக்கு வயித்தைக் கலக்குறது இதுதான். ஏர் பிரேக் லாரியில இன்ஜின் ஓடினாத்தான் காத்து ஏறும். பழைய வண்டியில நிக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா காத்து கசிஞ்சிருக்கும். டேங்கில் காத்தில்லாம, லோடோட, கொண்டை ஊசி வளைவை நோக்கி உருட்டுறதுன்னா... பம்ப் செலவு எவ்வளவோ தேவலை.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததும் புது லாரிகள் காமன் ரயிலுக்கு மாறிடுச்சு. அதிலும் இன்ஜெக்டர் தேய்ஞ்சா சூட்டில் டீசல் திரும்பி ஓடிடும், அழுத்தம் ஏறாது. அதே வியாதி, புது ஆஸ்பத்திரி. ஸ்கேனர் வெச்சுப் பார்க்கணும், ஈரச்சாக்கு அங்கே செல்லாது.

பழைய வண்டிக்காரங்களுக்கு ஒண்ணு. பம்ப்பைக் கழட்டி எலிமெண்ட் மாத்தும்போது, ஸ்டார்ட்டிங் வேகத்தில் எவ்வளவு டீசல் தள்ளுதுன்னும் டெஸ்ட் பெஞ்சில் அளந்து காட்டச் சொல்லுங்க. ஓட்ட வேகத்துல மட்டும் அளந்தா இந்த வியாதி கண்ணுக்கே தெரியாது.