இரு பெயர் பூண்ட துகள்

சோதனைக்கு உட்படாத கொள்கை எதுவும் விஞ்ஞானத்தில் நிலைபெறாது என்பது நம்மிற் பலருடைய எண்ணம். ஆயினும் 1956ஆம் ஆண்டு வரையில் பௌதிக நூலார் அத்தகைய கொள்கை ஒன்றைக் கைக்கொண்டிருந்தனர். இயற்கையில் ஒரு நிகழ்ச்சி நடைபெறுமாயின், நிலைக்கண்ணாடியில் தோன்றும் அதன் இடவலம் மாறிய உருவும் நடைபெறக் கூடியதே என்பது அக்கொள்கை. இதனைப் பாரிட்டி விதி என்பர்.

இதற்கு இடையூறு விளைத்தவை பாரமான மெஸான்கள். அணுவினும் மிகச் சிறிய இத்துகள்கள் தோன்றியவுடன் சிதைவன. 1947இல் மான்செஸ்டர் நகரில் ரோச்செஸ்டர், பட்லர் என்னும் இருவர், வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் இவற்றின் சுவட்டைக் கண்டனர். பின்னர் இருவகை அறியப்பட்டன. தீட்டா எனப்பட்டது இரண்டு பையான்களாகச் சிதைந்தது. டௌ எனப்பட்டது மூன்றாகச் சிதைந்தது. எடையோ இரண்டிற்கும் ஒன்றே, எலெக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 966 மடங்கு. ஆயுளும் ஒன்றே, வினாடியில் ஏறத்தாழ எட்டுக் கோடியில் ஒரு பங்கு. வயதும் உயரமும் அங்க அடையாளமும் ஒத்த இரு பெயர்கள் செக்ரோலில் நின்றால், கிராணி வேலை பார்க்கும் நாம் அது ஒரே ஆள்தானோ என்று உடனே ஐயுறுவோம். பௌதிக நூலார்க்கோ அவ்வாறு துணிய வழியில்லை. இரண்டு பையான்களின் பாரிட்டி ஒருவிதம். அந்த மூன்றின் பாரிட்டி அதற்கு நேர்மாறு. விதி மெய்யாயின் ஒரே துகள் இருவிதமாகவும் சிதையலாகாது.

சீனத்திற் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ந்த லீ, யாங் எனும் இளைஞர் இருவர் அவ்விதிக்குச் சான்று யாது என்று பழைய சோதனைகளைப் புரட்டினர். ஒளியிலும் மின்சாரத்திலும் சான்று மிகுதியாக இருந்தது. ஆனால் இத்தகைய சிதைவுகளை விளைக்கும் வலுக்குன்றிய விசையில் ஒரு சோதனையேனும் அதனைத் தொட்டுப் பார்த்ததில்லை! 1956இல் அவர்கள் இதனை வெளியிட்டுச் சோதிக்கும் வழிகளையும் கூறினர்.

சியென்-ஷியுங் வூ அம்மையார் ஐரோப்பியப் பயணத்தைக் கைவிட்டு, கணவரைத் தனியே கப்பலேற்றிவிட்டு வேலையிற் புகுந்தார். வாஷிங்டன் ஆராய்ச்சியாளருடன் கூடி, கோபால்ட் 60 அணுக்களைப் பூரண பூச்சியத்திற்கு மேல் ஒரு டிகிரியில் நூற்றிலொரு பங்களவுக்குக் குளிர்வித்து, காந்தத்தால் ஒருமுகப்படுத்தினார். விதி மெய்யாயின் எலெக்ட்ரான்கள் மேலும் கீழும் சமமாக வெளிப்பட வேண்டும். ஒருபுறமே மிகுதியாக வெளிப்பட்டன. பேரறிஞர் பௌலி, சமமாகவே வருமென்று பந்தயம் கட்டவும் ஆயத்தமாயிருந்த காலம் அது. 1957 ஜனவரியில் முடிவு வெளியாயிற்று.

டௌவும் தீட்டாவும் ஒரே துகளாயின. கே மெஸான் என்பது அதன் பெயர். அவ்வாண்டே லீயும் யாங்கும் நோபெல் பரிசு பெற்றனர். அம்மையாருக்கு அதிற் பங்கில்லை. அது நியாயமென நமக்குத் தோன்றவில்லை.

இடவலத்தை மாற்றுவதோடு துகளுக்கு எதிர்த்துகளையும் மாற்றிவைத்தால் விதி பிழைக்கும் என்று பலர் தேறுதல் கொண்டனர். 1964இல் புரூக்ஹேவனில் கிரோனின், ஃபிட்ச் முதலியோர் மின்னேற்றமற்ற, நீண்ட ஆயுளுடைய கே மெஸான்களைச் சோதித்தனர். ஒருபோதும் இரண்டு பையான்களாகச் சிதையலாகாத அவற்றுள், ஏறத்தாழ 500க்கு ஒன்று அவ்வாறே சிதைந்தது.