பால் சுரக்காத மரத்துக்கு ஆன செலவு

மூணாறிலோ நெல்லியாம்பதியிலோ காணொளி எடுத்து யூடியூபில் பிழைப்பு நடத்துபவர், சம்பாதித்துத் தரும் ஒரு சேனலை வைத்துக்கொண்டே இன்னொன்றை வளர்க்கிறார். புதியது காசு தரப் பல மாதங்கள் ஆகும். அதற்குச் செய்த செலவை இந்த ஆண்டு வருமானத்தில் கழிக்கலாமா? இடுக்கி மலைகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது பழைய வழக்கு. திருவிதாங்கூர்-கொச்சியின் 1950-ஆம் ஆண்டு விவசாய வருமான வரிச் சட்டம், வருமானம் ஈட்டுவதற்காகவே முழுக்கச் செய்த செலவைக் கழிக்க அனுமதித்தது. ஆனால் ரப்பர் கன்று பால் வெட்டும் பருவத்தை எட்ட ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை களையெடுப்பும் உரமும் நிற்பதில்லை. வருமானம் தராத மரத்துக்கு என்ன கழிவு என்று வரித்துறை மறுத்தது. திருவிதாங்கூர் ரப்பர் அண்ட் டீ கம்பெனி தொடுத்த வழக்கில், 1961-இல் உச்ச நீதிமன்றம் தோட்டத்தின் பக்கம் நின்றது: செலவு செய்த ஆண்டிலேயே பலன் வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

கேரளச் சட்டமன்றம் அதே ஆண்டில் அந்தச் சட்டத்தில் ஒரு விளக்கத்தைச் சேர்த்து அந்தக் கழிவைப் பறித்தது. பீர்மேடு மலையின் கரிந்தருவித் தேயிலைத் தோட்டம் அதையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. தேயிலையின் கணக்கு வேறு மாதிரி. கொழுந்து கிள்ளுவது விவசாயம், அதை வாட்டி உருட்டித் தூளாக்குவது தொழில். அதனால் மொத்த லாபத்தையும் மத்திய வருமான வரி விதிப்படி ஒன்றாகக் கணக்கிட்டு, 40 விழுக்காட்டை மத்திய அரசின் வரிக்கும் 60 விழுக்காட்டை மாநில வரிக்கும் பிரித்தார்கள். பட்டுப்போன செடிக்குப் பதிலாக நட்ட செடியின் செலவையும் அந்த விதி கழிக்க விட்டது. அப்படிக் கணக்கிட்ட தேயிலை வருமானத்தில் மாநிலத்தின் புது விளக்கம் செல்லாது என்று தீர்ப்பானது. உழைப்பின் காலத்தை வரியின் ஓராண்டுக் கட்டத்துக்குள் அடைக்க முடியாது என்ற நியாயம் இவ்வழக்குகளில் நிலைபெற்றது என்றே நான் கொள்கிறேன்.

இதனால் பிழைத்தது கம்பெனிகள்தானே என்று கேட்பார்கள். உண்மைதான். திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் மலையேறிய தொழிலாளர்களுக்கு வாய்த்தது ஆள் திரட்டிய கங்காணியின் முன்பணக் கணக்கு. அதை எழுதியவனும் அவனே, பிடித்தம் செய்தவனும் அவனே. ஆனால் இது கழிவு என்ற உரிமைக்கு எதிரான வாதமாகாது. கணக்கெழுதும் திறமை ஒரு பக்கமே குவிந்து கிடந்ததைத்தான் இது காட்டுகிறது. கேமராவும் போனும் சொந்த உபயோகத்துக்கும் ஆகுமே என்பது இன்னொரு மறுப்பு. அதற்கும் பழைய அளவுகோல் போதும்: மத்திய வருமான வரிச் சட்டமும் தொழிலுக்காகவே முழுக்கச் செய்த செலவைத்தான் கேட்கிறது. கல்யாணத்துக்கு எடுத்த புடவை அதில் சேராது, படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுத்த விளக்கு சேரும்.

2022 ஜூலை 1 முதல், விளம்பரத்துக்காக ஒரு கம்பெனி தரும் பொருளை யூடியூபர் தானே வைத்துக்கொண்டு, அந்த ஆண்டில் அதனிடமிருந்து அப்படிப் பெற்றவற்றின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால், 10 விழுக்காடு வரி கட்டப்படுவதைக் கம்பெனி உறுதிசெய்து அவர் பெயரில் பதிய வேண்டும். ஆக, வரவை எழுத வேறு ஆள் இருக்கிறார். செலவுக்கு யாரும் இல்லை. ரசீதை எடுத்து வைக்காதவரின் செலவு அரசின் கணக்கில் நடக்காத செலவு. தோட்டக் கம்பெனிகளுக்கு இருந்த கணக்கர்கள் இவர்களுக்கு இல்லை. கேரளத்தின் அக்ஷயா பொதுச்சேவை மையங்களில் கணக்கெழுதும் உதவி குறைந்த கட்டணத்தில் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும்.