மரத்தடியில் சாப்பிட்டவர்கள் ஆரம்பித்த கிளப்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். என் வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம், பெஞ்சு மேல் ஏற்றமாட்டேன்.

2024 ஆகஸ்டில் பேரன் ஒரே பிடியாக நின்றான். இஷான் கிஷன் ஜார்க்கண்ட் அணிக்காக நம் சங்கர் நகர் மைதானத்தில் ஆட வந்திருக்கிறாராம், பார்த்தே ஆக வேண்டுமாம். கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு ஆட்டம், எனக்கு வெயில். நடுவில் அங்கிருந்த பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, புச்சி பாபு டோர்னமெண்ட்னு போட்டிருக்கே, புச்சி பாபுன்னா யாரு?"

"யாரோ அந்தக் காலத்து ஆட்டக்காரர் போல இருக்கு" என்று சொல்லிச் சமாளித்தேன். சொல்லிய பிறகு மனசு கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவன். பிளாசிப் போர் நடந்த வருஷத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நம் மாநிலத்தில் நூறு வருஷத்துக்கு மேலாக ஒருவர் பெயரில் ஒரு கோப்பை இருக்கிறது, அவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். கடைசியில் என் கதை ஒன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவே.

சென்னையில் 1846-ல் வெள்ளைக்காரர்கள் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். 1865-ல் சேப்பாக்கத்தில் இடம் கிடைத்தது. அடுத்த வருஷமே பெவிலியன் கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கு டிவியில் நாம் பார்க்கிற அதே சேப்பாக்கம்தான். அந்தக் காலத்தில் அங்கே இந்தியர்களுக்கு உறுப்பினர் இடம் கிடையாது. ஆனால் நம்மவர்களுக்கு ஆட்டம் பிடித்துப்போய்விட்டது. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். நன்றாக ஆடக்கூடியவர்களும் உருவானார்கள். அப்படி ஆட வந்தவர்கள்கூட உடை மாற்றிக்கொள்வதும், மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவதும் மரத்தடியில்தான் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. வெள்ளைக்காரர்கள் பெவிலியனுக்குள் மேஜை போட்டுச் சாப்பிடுவார்களாம்.

இதில் என்னை உறுத்தியது சாப்பாட்டு விஷயம்தான். ஆடுகளத்தில் அவன் போடும் பந்தை இவன் அடிக்கலாம், இவன் அடித்ததை அவன் ஓடிப்போய்ப் பொறுக்கலாம். மணி அடித்துச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டால் மட்டும் நீ மரத்தடிக்குப் போ, நான் உள்ளே போகிறேன் என்பது என்ன கணக்கு? இதை எழுதும்போதே எனக்கு ஒரு கூச்சம். நம் பக்கத்து டீக்கடைகளில் சில பேருக்கு மட்டும் தனிக் கிளாஸ் வைத்திருந்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில் யார் முதலில் உட்காரலாம், யார் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதையும் பார்த்து வளர்ந்தவன். அதனால் வெள்ளைக்காரனை மட்டும் திட்டி ஒரு பதிவு போட எனக்கு யோக்கியதை இல்லை.

சரி, புச்சி பாபுவுக்கு வருவோம். முழுப் பெயர் மொத்தவரப்பு வெங்கட மகிபதி நாயுடு. 1868-ல் பிறந்தவர். இவருடைய தாத்தா பாரி கம்பெனிக்குத் துபாஷியாக இருந்தவர். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். வெள்ளைக்கார வியாபாரிக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று எல்லாக் காரியத்தையும் முடித்துக்கொடுப்பவர். பெரும் பணம் பார்த்த குடும்பம். மயிலாப்பூரில் லஸ் ஹவுஸ் என்ற பெரிய தோட்டத்து வீடு. வெள்ளைக்கார ஆசிரியைகளை வைத்து வளர்க்கப்பட்ட பிள்ளை. குதிரையேற்றம், டென்னிஸ், கிரிக்கெட் எல்லாம் சின்ன வயதிலேயே கைவந்துவிட்டன.

இப்படிப்பட்ட ஒருவர் வசதியாக ஒதுங்கிக்கொண்டிருக்கலாம். மரத்தடியில் யார் சாப்பிட்டால் அவருக்கு என்ன? ஆனால் அந்த மரத்தடிக் காட்சி அவரைச் சுட்டிருக்கிறது. 1888-ல், தன் இருபதாவது வயதில், மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்று ஒன்றை ஆரம்பித்தார். சுருக்கமாக எம்.யூ.சி. இந்தியர்கள் தங்களுக்கென்று அங்கே வைத்துக்கொண்ட முன்னோடிக் கிளப். இருபது வயது என்பதை என் பழைய மாணவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்த வயதில் நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடக்குறிப்பு எழுதத் திணறிக்கொண்டிருந்தேன்.

கிளப்புக்கு மைதானம் எஸ்பிளனேடில். இந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் என்னிடம் படித்தவர்கள் நம்பமாட்டீர்கள். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள் இல்லையா, திரும்பக் கிடைத்த பிறகு ஆங்கிலேயருக்கு ஒரு பயம் வந்துவிட்டது. கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அதில் ஒளிந்துகொண்டு சுடுவான் என்று கோட்டைக்கு எதிரே இருந்த கறுப்பர் நகரத்தை அப்புறப்படுத்தி, வெட்டவெளியாக்கிவிட்டார்கள். இதற்கு மேல் கட்டடம் வரக்கூடாது என்று 1773-ல் எல்லைத் தூண்களும் நட்டார்கள். அதில் ஒன்று இன்றும் பாரிமுனையில் நிற்கிறது. பீரங்கி சுடுவதற்காக நம்மவர்களின் வீடுகளை அகற்றி உண்டாக்கிய அந்த வெட்டவெளிப் பக்கத்தில்தான், நூறு வருஷத்துக்குப் பிறகு நம் பையன்கள் ஸ்டம்ப் நட்டிருக்கிறார்கள்.

இடம் கிடைத்துவிட்டால் கிளப் நடந்துவிடுமா? பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பொறுப்பு பார்த்த எல்லா ஆசிரியருக்கும் தெரியும், கிரிக்கெட் என்பது செலவு பிடித்த வியாதி. கபடிக்குக் கோடு போதும். இதற்கு மட்டை வேண்டும், பந்து வேண்டும், காலுக்குப் பேடு, கைக்குக் க்ளவுஸ், விக்கெட் கீப்பருக்குத் தனிச் சாமான். பந்து வாரம் தாங்காது. நல்ல புல்தரை வளர்க்கத் தண்ணீரும் ஆளும் வேண்டும். அது இல்லாத உள்ளூர் மைதானங்களில் மண்ணைக் கெட்டித்து, மேலே பாய் விரித்து, ஆணியடித்து இழுத்துக் கட்டித்தான் ஆட்டம். புச்சி பாபு இங்கேதான் பெரிய மனிதராகத் தெரிகிறார். ஆடத் தெரிந்த பையன்களைத் தேடிப் பிடித்து, சாமான் வாங்கிக் கொடுத்து, தன் வீட்டுத் தோட்டத்திலேயே பழக்கியிருக்கிறார். "வசதி இருந்தால் வா" என்று சொல்லவில்லை. "வா, வசதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றிருக்கிறார். துபாஷிக் குடும்பத்துப் பணம் எத்தனையோ வழியில் போயிருக்கும். இந்த வழியில் போனதுதான் மிஞ்சியிருக்கிறது.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. சேப்பாக்கத்துக்குள் இந்திய அணி என்ற பெயரோடு போய், வெள்ளைக்கார அணியோடு சரிக்குச் சரி ஆட வேண்டும். அந்தப் பக்கத்திலும் பார்ட்ரிட்ஜ் என்று ஒரு நல்ல மனிதர் இருந்தார். இருவரும் பேசி 1908 டிசம்பரில் ஒரு போட்டிக்கு ஏற்பாடு செய்தார்கள். இருபது வருஷம் காத்திருந்து கிடைத்த போட்டி. அதற்குச் சில நாள் முன்னால் புச்சி பாபு காலமாகிவிட்டார். வயது 40. போட்டி மட்டும் நடந்தது.

சில பேர் இவரைச் சுதந்திரப் போராட்ட வீரர் போல எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வெள்ளைக்காரனைத் துரத்தக் கிளம்பவில்லை. எனக்கும் உள்ளே இடம் கொடு, கொடுக்காவிட்டால் நானே ஒரு இடம் கட்டிக்கொள்வேன், பிறகு உன்னோடு வந்து ஆடுவேன் என்பதுதான் அவர் வழி. அதுவும் சின்ன விஷயமில்லை.

1915-லிருந்து அந்தப் போட்டி முறையாக நடக்க ஆரம்பித்தது. பிரசிடென்சி மேட்ச் என்று பெயர். பொங்கலை ஒட்டி நடந்ததால் சென்னைவாசிகள் பொங்கல் மேட்ச் என்றே சொன்னார்கள். கரும்பு, மஞ்சள், கிரிக்கெட்! வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பிப் போய் எதிரணியே இல்லாமல் ஆகும்வரை, அதாவது 1952 வரை, நடந்தது. ஏ.ஜி. ராம்சிங், எம்.ஜே. கோபாலன் எல்லாம் அந்த மேட்சில் பெயர் வாங்கியவர்கள்தான். 1934 நவம்பர் 4-ம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டி, சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும். முதல் பந்தை வீசியவர் கோபாலன். ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. மரத்தடிக் காலத்திலிருந்து கணக்குப் போட்டால் ஐம்பது வருஷத்துக்குள் இந்த வளர்ச்சி. நடுவில் திருவல்லிக்கேணியில், மயிலாப்பூரில் என்று பேட்டைக்குப் பேட்டை கிளப்புகள் முளைத்துவிட்டன. மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் இருந்த போட்டியைக் கேட்டால் நம் ஊர் மேலத்தெரு, கீழத்தெரு சண்டை தோற்றுவிடும்.

புச்சி பாபுவின் பிள்ளைகளும் ஆட்டக்காரர்கள். பாலையா அடித்து ஆடுவதில் பேர் போனவர். இன்னொரு மகன் ராமசாமி, தாய்வழித் தாத்தா வீட்டுக்குத் தத்துப் போனதால் கோட்டா ராமசாமி. இவர் கதை தனிக் கதை. 1922-ல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடினார். 1936-ல், நாற்பது வயதில், மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று அடித்தார். 1985-ல் ஒருநாள் வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பவே இல்லை. இன்றுவரை அவர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரித் தூக்கம் வரவில்லை.

அப்பா பெயரில் நடக்கிற கோப்பை இன்று மற்ற மாநில அணிகளையெல்லாம் தமிழ்நாட்டுக்கு வரவழைக்கிறது. சில வருஷம் நின்று போயிருந்ததை 2023-ல் மறுபடி தொடங்கினார்கள். 2024-ல் சேலம், கோவை, நத்தம், திருநெல்வேலி என்று நான்கு ஊரில் நடந்தது. அப்படித்தான் எங்கள் சங்கர் நகரில் என் பேரன் கண்ணில் அந்தப் பலகை பட்டது.

இனி என் கதை. 1991. நான் அப்போது வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. ஓரளவு கிரிக்கெட் தெரியும் என்பதால் பொறுப்பு என் தலையில். டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் போட்டி வைத்திருந்தார்கள். எங்களையும் கூப்பிட்டதே பெருமை. எல்லோரும் வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டையில் வர வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. பையன்களிடம் சொன்னேன். எப்படியோ கடன் வாங்கி, அண்ணன் பேண்டைப் பிடித்துத் தைத்து, பத்துப் பேர் தேற்றிக்கொண்டார்கள். ஒருவனால் முடியவில்லை. எட்டாம் வகுப்பு. இடது கைப் பந்து வீச்சு. அவனை மாதிரிப் பந்து போடுகிற பையனை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. காலையில் காக்கி டவுசரோடு வந்து நின்றான்.

"சார், டவுசர நல்லா தொவச்சுட்டேன் சார்" என்றான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நாலு நாள் முன்னாலேயே விசாரித்திருக்கலாம். என் சம்பளத்தில் ஒரு பேண்ட் துணி வாங்க முடியாதா? இல்லாவிட்டால் அங்கே போய் நடத்துபவர்களிடம், "இவன் ஆடாவிட்டால் நாங்கள் ஆடமாட்டோம்" என்று நின்றிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. "சரிலே, கூட வா, தண்ணி கிண்ணி எடுத்துக் குடு" என்று சொல்லிக் கூட்டிப் போனேன். வேறு ஒருவனைச் சேர்த்துக்கொண்டேன். அந்த மைதானத்து ஓரத்தில் ஒரு வேப்பமரம். நாள் பூரா அதன் அடியில்தான் உட்கார்ந்திருந்தான். தூக்குச்சட்டியில் கொண்டு வந்த சோற்றை அங்கேயே தின்றான். எங்களுக்கெல்லாம் உள்ளே வகுப்பறையில் இலை போட்டிருந்தார்கள். அவனைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெற்றியா தோல்வியா என்பதுகூட எனக்கு மறந்துபோய்விட்டது. வேப்பமரம் மறக்கவில்லை.

சென்னை மரத்தடியைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சட்டென்று வந்தது அந்த மரம்தான். அதன் பிறகு அவன் எண்ணைத் தேடி விசாரித்தேன். திருப்பூரில் இருக்கிறான். பனியன் கம்பெனியில் தையல் வேலையில் ஆரம்பித்து, இப்போது சொந்தமாகப் பத்து மெஷின் போட்டிருக்கிறான். போனில் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அத விடுங்க சார், நீங்க சுகமா இருக்கேளா?" என்று கேட்டான். அவன் மகன் அங்கே ஒரு கிளப்பில் ஆடுகிறானாம். அதுவும் இடது கைதானாம். பேரை இங்கே போட வேண்டாம் என்றான், அதனால் போடவில்லை.

அன்றைக்கு அந்த மைதானத்தில் எங்கள் அணியை வரிசையாக நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார்கள். என்னிடம் இருந்த பிரதி வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. 1991-ல் எட்டாம் வகுப்பு படித்தவர்களில் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். வரிசையில் அவன் இருக்கமாட்டான். ஆனால் பின்னால் அந்த வேப்பமரம் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதன் அடியில் யாராவது உட்கார்ந்திருப்பது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.